அகோனிஸ்ட் என்றால் இறுக்குவதா, தளர்த்துவதா?

கண்டனூர்ப் பெண் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சந்தேகம் ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது.

வகுப்பில் தசைகளைப் பற்றி நடத்தும்போது, ஓர் அசைவைச் செய்கிற முதன்மைத் தசைக்கு அகோனிஸ்ட் என்று பெயர், அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது ஆன்டகோனிஸ்ட் என்று சொல்லிக்கொடுத்தார்கள். முழங்கையை மடக்கினால் மேற்கையின் முன்பக்கத்து இருதலைத் தசை அகோனிஸ்ட், பின்பக்கத்து முத்தலைத் தசை ஆன்டகோனிஸ்ட். அகோனிஸ்ட் என்றால் இறுகுவது, வேலை செய்வது என்று மனதில் பதிந்துவிட்டது.

இந்த வாரம் ஊருக்கு வந்தேன். அப்பத்தாவுக்கு ரொம்ப வருடமாக வீசிங் உண்டு. நீலக் கலர் இன்ஹேலர் வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் அதை அடிக்கடி எடுக்கிறார், புது டப்பா வாங்கிப் பிரித்தபோதுதான் உள்ளே இருந்த தாளைப் படித்தேன். சால்பியூட்டமால், பீட்டா-2 அகோனிஸ்ட், மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் என்று போட்டிருக்கிறது.

தசை பாடத்தில் அகோனிஸ்ட் இறுகுகிறது. மருந்துத் தாளில் அகோனிஸ்ட் தளர்த்துகிறது. கல்லூரியில் ஒருவரிடம் கேட்டதற்கு "அது வேற, இது வேற, குழப்பிக்காதே" என்று முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. ஒரே சொல்லை ஏன் இரண்டு இடத்திலும் வைத்தார்கள்?

தேவகோட்டை மருந்துக்கடை | சனி, இரவு 10.25

நல்ல கேள்வி தங்கச்சி. இருபது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். இந்தக் குழப்பம் இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்தில் அகோனிஸ்ட் என்பது எதையும் இறுக்குகிற பொருளும் இல்லை, தளர்த்துகிற பொருளும் இல்லை. செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு பொருள் அந்த ஏற்பியில் போய் உட்கார்ந்து அதை வேலை செய்ய வைத்தால் அகோனிஸ்ட். உட்கார்ந்து, ஆனால் வேலை செய்ய வைக்காமல், வேறு யாரும் உட்கார முடியாதபடி இடத்தை அடைத்துக்கொண்டால் ஆன்டகோனிஸ்ட். அவ்வளவுதான். அந்த ஏற்பி வேலை செய்தால் என்ன நடக்கும் என்பது அந்தச் செல்லின் சமாச்சாரம்.

நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சாவியை நினைத்துப் பாருங்கள், ஒரு சாண் நீள இரும்புச் சாவி. பூட்டில் நுழைந்து திரும்பினால் அகோனிஸ்ட். நுழையும், திரும்பாது, அது இருக்கிறவரை நல்ல சாவியும் நுழையாது என்றால் ஆன்டகோனிஸ்ட். பாதி மட்டும் திரும்புகிற சாவியும் உண்டு, அதற்குப் பகுதி அகோனிஸ்ட் என்று பெயர். சாவி திரும்பினால் கதவு திறக்குமா, தாழ் விழுமா என்பது பூட்டு எந்தக் கதவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் உடம்பிலேயே சுரக்கிற அட்ரினலினை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத்தில் பீட்டா-1 ஏற்பியைத் தூண்டினால் துடிப்பு கூடும். மூச்சுக்குழாயில் பீட்டா-2 ஏற்பியைத் தூண்டினால் தசை தளர்ந்து வழி விரியும். தோலின் ரத்தக்குழாயில் ஆல்ஃபா-1 ஏற்பியைத் தூண்டினால் குழாய் சுருங்கும். பயந்தவன் முகம் வெளிறுவது இதனால்தான். மூன்று இடத்திலும் அட்ரினலின் அகோனிஸ்ட்தான். இந்த ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என்று முதலில் பிரித்துச் சொன்னவர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், 1948இல். அந்தப் பிரிவினை இல்லாமல் உங்கள் அப்பத்தாவின் இன்ஹேலர் வந்திருக்காது. இதயத்தை அதிகம் தொடாமல் மூச்சுக்குழாயைத் தேடிப் போகிற மருந்து வேண்டும் என்று தேடித்தான் 1960களின் இறுதியில் சால்பியூட்டமாலைக் கொண்டுவந்தார்கள்.

அதனால் யாராவது ஒன்றை "அகோனிஸ்ட்" என்று சொன்னால் உடனே "எதற்கு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

கோட்டையூர் பிசியோ | சனி, இரவு 11.05

அண்ணன் சொன்ன அந்த "எதற்கு?" தசைக்கும் அப்படியே பொருந்தும். நம் பாடப்புத்தகங்கள் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன, அதுதான் என் வருத்தம். இருதலைத் தசை அகோனிஸ்ட் என்று மனப்பாடம் செய்த மாணவர்கள் என்னிடம் பயிற்சிக்கு வந்து திணறுவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள் அம்மா. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, வலது உள்ளங்கையை மேசைக்கு அடியில் வைத்து மேலே தூக்குங்கள். இடது கை விரலால் வலது மேற்கையின் முன்பக்கத்தைத் தொடுங்கள், கல் மாதிரி இருக்கும். பின்பக்கம் தொளதொளவென்று கிடக்கும். இப்போது உள்ளங்கையை மேசையின் மேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். பின்பக்கம் கல்லாகிவிடும், முன்பக்கம் தளரும். அதே கை, அதே கோணம், ஆனால் அகோனிஸ்ட் மாறிவிட்டது.

அடுத்ததுதான் முக்கியமானது. நிறைகுடத்தை ஊருணியிலிருந்து இடுப்பில் சுமந்து வந்து திண்ணையில் மெதுவாக இறக்குகிறீர்கள். முழங்கை நீளுகிறது. முழங்கையை நீட்டுவது முத்தலைத் தசை என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் தொட்டுப் பார்த்தால் இறுகியிருப்பது முன்பக்கம்தான்! கையை நீட்டுவது குடத்தின் எடை. இருதலைத் தசையும் அதற்கு அடியில் இருக்கிற பிரேக்கியாலிஸும் நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து, குடம் தடாலென்று விழாமல் பார்த்துக்கொள்கின்றன. அங்கே வேலை செய்கிற தசை முன்பக்கத்துத் தசைதான்.

நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரே மனிதர் ஒரு வீட்டில் பங்காளி, அடுத்த வீட்டில் தாய்மாமன். எந்த வீட்டு விசேஷம் என்று தெரியாமல் அவருக்கு என்ன முறை என்று சொல்ல முடியுமா? தசைக்கும் அசைவைச் சொன்ன பிறகுதான் முறை சொல்லலாம்.

ஆத்தங்குடிக்காரன் | ஞாயிறு, காலை 6.50

நான் படித்தவன் இல்லை, பூக்கல் போடுகிற வேலை. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்ட் ஊற்றி, மேலே மணல் சிமெண்ட் கலவை போட்டுக் கரண்டியால் இழுத்து மட்டம் பண்ணுகிற வேலை. இந்தப் பேச்சைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு ஆறு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் வலி. கரண்டியை இறுக்கிப் பிடித்தால் சுரீரென்று வருகிறது. ஈரத் துணியைப் பிழிந்தாலும் அப்படித்தான். பிடிக்கும்போது விரல் மடங்குகிறது, மடக்குகிற தசை உள்பக்கத்தில்தானே இருக்கும்? வலி ஏன் வெளிப்பக்கம் வருகிறது? பிடிக்கிறவன் ஒருத்தன், நோகிறவன் வேறொருத்தனா?

கோட்டையூர் பிசியோ | ஞாயிறு, காலை 8.15

ஐயா, படித்தவர்களே கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

இடது கையால் உங்கள் வலது முன்கையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு, வலது கையை இறுக்கி மூடுங்கள். உள்பக்கம் இறுகும். வெளிப்பக்கமும் இறுகும். ஏன் தெரியுமா? விரலை மடக்குகிற தசைகளின் தசைநாண் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகிறது. அது தனியாக இழுத்தால் விரலோடு மணிக்கட்டும் உள்ளே மடங்கிவிடும், மணிக்கட்டு மடங்கினால் பிடியில் பலம் இருக்காது. மணிக்கட்டை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு கரண்டியைப் பிடித்துப் பாருங்கள், நழுவிவிடும். அதனால் வெளிப்பக்கத் தசைகள் மணிக்கட்டைப் பின்னால் இழுத்து நிறுத்திக்கொடுக்கின்றன. இப்படித் துணைக்கு நிற்கிற தசைக்கு சினர்ஜிஸ்ட் என்று பெயர். அந்தத் தசைகள் எல்லாம் சேர்ந்து முழங்கையின் வெளி எலும்பில் ஒரு சின்ன இடத்தில்தான் ஒட்டியிருக்கின்றன. நாள் முழுக்க நீங்கள் பிடித்த பிடி எல்லாம் அந்த ஒரே இடத்தை இழுத்திருக்கிறது. டென்னிஸ் எல்போ என்கிற வலி பெரும்பாலும் இதுதான். டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

கரண்டிப் பிடி மெலிதாக இருந்தால் துணி சுற்றிக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து எடை தூக்குவதைச் சில வாரம் தவிருங்கள். ஒரு பிசியோவை நேரில் பார்த்தால், குடத்தை இறக்குவது மாதிரி, எடையை மெதுவாக இறக்குகிற பயிற்சி சொல்லிக்கொடுப்பார். இதற்கு நல்ல பயிற்சி அது. அவசரப்படாமல் இரண்டு மூன்று மாதம் செய்ய வேண்டும்.

புதுவயல் தமிழ் | ஞாயிறு, காலை 10.30

இடையில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அகோனிஸ்டுக்கு "இயக்கி" என்றும் ஆன்டகோனிஸ்டுக்கு "எதிரியக்கி" என்றும் சிலர் எழுதுகிறார்கள். இந்த இழையைப் படித்த பிறகு எனக்கு "இயக்கி" பிடிக்கவில்லை. தளர்த்துகிற மருந்தை இயக்கி என்றால் மறுபடியும் அதே குழப்பம். மூலச் சொல் கிரேக்கத்தில் போட்டியைக் குறிப்பது, அகோனிஸ்ட் என்றால் களத்தில் இறங்கியவன். எதிரே நிற்பவன் ஆன்டகோனிஸ்ட். களம் எது என்று சொல்லாமல் வீரன் யார் என்று சொல்ல முடியாது, மேலே இரண்டு பேரும் சொல்வதும் அதைத்தான். ஏற்பியைக் கிளர்த்துவதால் "ஏற்பிக் கிளர்த்தி" என்று சொல்லலாமா?

பள்ளத்தூர் ஆச்சி | ஞாயிறு, காலை 11.10

தம்பி, உங்கள் சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் மருந்துக்கடையில் போய் அதைக் கேட்டால் புரியாது. பேசாமல் அகோனிஸ்ட் என்றே வையுங்கள்.

எனக்குச் சமையலறைச் சந்தேகம். நேற்று வரமிளகாய் இடித்து வைத்தேன். ராத்திரி முழுக்கக் கை எரிச்சல், தண்ணீரில் வைத்தால் கொஞ்சம் அடங்குகிறது, எடுத்தால் திரும்ப எரிகிறது. தொட்டுப் பார்த்தால் கை சூடாகவே இல்லை. சூடே இல்லாமல் எப்படி எரிகிறது? இதுவும் உங்கள் அகோனிஸ்ட் கதைதானா?

தேவகோட்டை மருந்துக்கடை | ஞாயிறு, மதியம் 1.20

அதே கதைதான் ஆச்சி. தோலிலும் நாக்கிலும் இருக்கிற வலி நரம்பு நுனிகளில் டிஆர்பிவி-1 என்று ஓர் ஏற்பி இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற கதவு அது. திறந்தால் "சுடுகிறது" என்று மூளைக்குச் செய்தி போகும். மிளகாயில் இருக்கிற கேப்சைசின் அந்தக் கதவுக்கு அகோனிஸ்ட், சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் காரக் குழம்பு சாப்பிட்டால் வேர்க்கிறது, நிஜமான சூட்டுக்குச் செய்கிற வேலையை உடம்பு செய்கிறது. 1997இல் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மிளகில் இருக்கிற பைப்பரினும் இதே கதவைத்தான் தட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக. மிளகாய் இந்தியாவுக்கு வருவதற்கு முன்னால் நம் சமையலில் காரம் என்றால் அதுதானே.

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் நல்லெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடுங்கள். கண்ணில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் தட்டினால் நரம்பு மரத்துப்போகும். அதையே மருந்தாக்கி, அக்கி வந்து போன பிறகு நிற்கிற நரம்பு வலிக்குக் கேப்சைசின் களிம்பு கொடுக்கிறார்கள்.

சரி, நான் திரும்ப வந்தது வேறு ஒன்றுக்காக. கண்டனூர்த் தங்கச்சி, அப்பத்தா இன்ஹேலரை "இப்போதெல்லாம் அடிக்கடி எடுக்கிறார்" என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரி படித்தபோது கடந்துபோய்விட்டேன், காலையிலிருந்து அதே நினைவு. முன்னால் எவ்வளவு, இப்போது எவ்வளவு? எப்போதிலிருந்து? புதிதாக ஏதாவது மருந்து ஆரம்பித்தார்களா?

கண்டனூர்ப் பெண் | ஞாயிறு, மதியம் 2.45

முன்னால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை எடுப்பார், அதுவும் பனிக்காலத்தில். இப்போது ஒரு நாளைக்கே ஆறு, ஏழு தடவை என்று அம்மா சொல்கிறார். மூன்று வாரமாக இப்படி. எடுத்தவுடன் முன்பு போல மூச்சு லேசாகவில்லை, அரைகுறையாகத்தான் கேட்கிறது என்று அப்பத்தா சொல்கிறார். பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், அந்தத் தூசி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாத்திரை எதுவும் புதிதாக இல்லை அண்ணே, பிரஷர் மாத்திரை பழையதுதான்.

ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.30

அந்தப் பெண் முதலில் கேட்டதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. மருந்தும் தசையும் வெறும் பெயரால் மட்டும் உறவு என்று விட்டுவிடக் கூடாது. "அது வேற, இது வேற" என்று சொன்னவர் பெரிய ஒன்றை மறைத்துவிட்டார்.

ஏற்பி என்கிற எண்ணமே ஒரு தசையைப் பார்த்துத்தான் வந்தது. 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர் கோழியின் தசையில் நிகோடினைச் செலுத்தினார், தசை இறுகியது. நரம்பை வெட்டி, அது முழுக்க அழிந்துபோன பிறகும் நிகோடின் பட்டால் தசை இறுகியது. க்யூராரே என்கிற அம்பு விஷத்தைக் கொடுத்தால் நிகோடினின் வேலை தடைபட்டது. ஆனால் மின்சாரத்தை நேராகத் தசையில் பாய்ச்சினால் அப்போதும் இறுகியது. ஆகவே இரண்டு பொருளும் மோதிக்கொள்வது நரம்பிலும் இல்லை, சுருங்குகிற இழையிலும் இல்லை, இடையில் எதையோ வாங்கிக்கொள்கிற ஒரு பொருளில்தான் என்று அவர் முடிவுக்கு வந்தார். அகோனிஸ்ட், ஆன்டகோனிஸ்ட், ஏற்பி மூன்றும் அந்தக் கோழியின் காலில் இருந்தன.

அடுத்தது, மேசைப் பயிற்சியில் கோட்டையூர்க்காரர் காட்டிய ஒன்று. முன்பக்கம் இறுகும்போது பின்பக்கம் ஏன் தளர்கிறது? நாம் யாரும் தளரச் சொல்லவில்லையே? இதை ஷெரிங்டன் ஆராய்ந்தார், 1932இல் நோபல் பெற்றவர். ஒரு தசையை இறுக்கச் சொல்லும் செய்தி தண்டுவடத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளை அந்தத் தசைக்கு. இன்னொரு கிளை ஒரு சின்ன இடை நரம்புக்கு. அந்த இடை நரம்பு எதிர்த் தசையின் நரம்பின் மேல் கிளைசீன் என்கிற பொருளைச் சொட்டி அதை அமைதிப்படுத்துகிறது. கிளைசீன் அங்கே இருக்கிற ஏற்பிக்கு அகோனிஸ்ட்! ஆக, ஒரு தசை அகோனிஸ்டாக வேலை செய்ய, எதிர்த் தசைக்குப் போகும் நரம்பில் ஒரு வேதிப்பொருள் அகோனிஸ்டாக இருந்து அதைச் சும்மா இருக்கச் செய்கிறது.

இந்த ஏற்பாடு கெட்டால் என்ன ஆகும் என்று நம் காட்டு மரம் ஒன்று காட்டித் தரும். எட்டி மரத்தை எல்லோருக்கும் தெரியும், ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அழகாகப் பழுக்கும், ஆனால் எட்டி பழுத்தென்ன என்பார்கள். அதன் விதையில் ஸ்ட்ரிக்னின் இருக்கிறது. அது கிளைசீன் ஏற்பிக்கு ஆன்டகோனிஸ்ட். இடத்தை அடைத்துக்கொள்ளும், கிளைசீன் வந்து உட்கார முடியாது. அப்போது மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒரே நேரத்தில் இறுகும், எதற்கு எது எதிர் என்கிற ஒழுங்கே போய்விடும். கதவு சாத்துகிற சின்னச் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளையும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். டெட்டனஸில் வாய் பூட்டிக்கொள்வதும் கிட்டத்தட்ட இதே வழிதான். அங்கே கிருமியின் நஞ்சு கிளைசீனை வெளியே வரவே விடாது. வாயை மூடுகிற தசைகள் திறக்கிற தசைகளைவிட மிகப் பலமானவை, இரண்டும் சேர்ந்து இறுகினால் மூடுகிறதுதான் ஜெயிக்கும்.

முப்பது வருடம் பாடம் நடத்தினேன். தசை ஒரு அத்தியாயம், நரம்பு ஒரு அத்தியாயம், மருந்து பாடத்திலேயே கிடையாது. இவற்றைச் சேர்த்துச் சொல்ல ஒரு நாளும் நேரம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறை.

தேவகோட்டை மருந்துக்கடை | ஞாயிறு, மாலை 5.10

வாத்தியார் ஐயா, அருமை. பொறுத்துக்கொள்ளுங்கள், குறுக்கே வருகிறேன்.

தங்கச்சி, மாத்திரையை மட்டும் கேட்கவில்லை. சொட்டு, களிம்பு, ஊசி, நாட்டு மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது, எல்லாவற்றையும் யோசியுங்கள். கண்ணுக்கு ஏதாவது விடுகிறார்களா?

கண்டனூர்ப் பெண் | ஞாயிறு, மாலை 5.35

ஆமாம் அண்ணே! போன மாதம் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். கண்ணில் பிரஷர் அதிகம், கிளாக்கோமா ஆரம்பம் என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, இரண்டு கண்ணுக்கும். பாட்டிலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். டிமோலால், 0.5 சதவீதம். அங்கே வீசிங் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குத்தானே என்று நாங்களும் சொல்லவில்லை.

தேவகோட்டை மருந்துக்கடை | ஞாயிறு, மாலை 5.50

தங்கச்சி, இதை நிதானமாகப் படித்துவிட்டு உடனே போன் எடுங்கள்.

டிமோலால் பீட்டா ஏற்பிக்கு ஆன்டகோனிஸ்ட். பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைத்து அழுத்தத்தை இறக்குகிறது, அந்த வேலைக்கு நல்ல மருந்து. ஆனால் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணின் மூக்கோரத்தில் கண்ணீர் வடிகிற சின்னத் துளை வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. சொட்டு விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது அப்படி இறங்கியதுதான். மூக்கின் உள்தோலிலிருந்து நேராக ரத்தத்தில் கலக்கும். விழுங்கிய மாத்திரை ஈரலைத் தாண்டி வர வேண்டும், இதற்கு அந்தச் சோதனையும் இல்லை. ஒரு சொட்டில் கால் மில்லிகிராம் அளவுதான் இருக்கும், ஆனால் வீசிங் உள்ளவருக்கு மூச்சுக்குழாயை இறுக்க அது போதும். அவர்களுக்கு இந்தச் சொட்டைக் கொடுக்கக் கூடாது என்று பாட்டிலோடு வருகிற தாளிலேயே இருக்கும்.

இன்ஹேலர் எந்த ஏற்பியைத் தேடிப் போகிறதோ, அந்த ஏற்பியில் சொட்டு மருந்து முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்பத்தா அரைகுறையாகக் கேட்கிறது என்று சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

சொட்டு எழுதிய கண் மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். கிடைக்காவிட்டால் வீசிங் பார்க்கிற மருத்துவரிடம் இன்றைக்கே கூட்டிப்போங்கள். பாட்டிலும் இன்ஹேலரும் கையில் இருக்கட்டும். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ எதற்கும் காத்திராமல் 108.

புதுவயல் தமிழ் | ஞாயிறு, மாலை 6.00

இவ்வளவு ஆபத்து என்றால் சொட்டை இப்போதே தூக்கிப் போட்டுவிடலாமே? எதற்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு?

கானாடுகாத்தான் செவிலி | ஞாயிறு, மாலை 6.20

தம்பி, அப்படிச் சொல்லாதீர்கள். கண் பிரிவில் வேலை பார்த்தவள் நான். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்ப வராது, வலியும் இருக்காது. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போவது ஆளுக்கே தெரியாது. சொட்டை நிறுத்திவிட்டு மூச்சு சரியானதும் எல்லோரும் கண்ணை மறந்துவிடுவார்கள், அந்த மாதிரி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிமோலாலுக்குப் பதிலாக வேறு சொட்டு இருக்கிறது, மருத்துவர் மாற்றித் தருவார். இன்று இரவுச் சொட்டை விடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

எந்தச் சொட்டு விட்டாலும், விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை ஒரு விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மூக்குக்குள் இறங்குவது குறையும். வீசிங் உள்ளவருக்கு டிமோலாலைத் தொடர இது வழியல்ல, பொதுப் பழக்கமாகச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.30

மருந்துக்கடைக்காரர் சொன்ன சாவி உவமையில் ஒன்றைத் திருத்த வேண்டும், அது அந்த அம்மாளின் நிலையைப் புரிந்துகொள்ளவும் உதவும். சாவி பூட்டில் சிக்கிக்கொண்டால் வேறு சாவிக்கு வழியே இல்லை. ஏற்பியில் அப்படி இல்லை. பெரும்பாலான மருந்துகள் உட்காரும், எழுந்திருக்கும், மறுபடி உட்காரும். ஒரு கணத்தில் எத்தனை ஏற்பியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது யார் எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. சாவியைவிடப் பந்தியில் இடம் பிடிப்பது பொருத்தமான உவமை. சால்பியூட்டமால் கூடுதலாக வந்தால் அதற்கும் சில இலை கிடைக்கும். அதனால்தான் இரண்டு தடவையில் கேட்டது, ஆறு ஏழு தடவையில் அரைகுறையாகக் கேட்டது. அவர் தானாகவே அளவைக் கூட்டிப் போட்டியைச் சமாளித்திருக்கிறார். ஆனால் கூட்டக் கூட்ட நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். எலும்போடு ஒட்டிய தசையிலும் பீட்டா-2 ஏற்பி உண்டு, அங்கே அது தரும் விளைவு நடுக்கம்.

தேவகோட்டை மருந்துக்கடை | ஞாயிறு, இரவு 9.05

திருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன் ஐயா, பந்திதான் சரி. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நீல இன்ஹேலரை மட்டுமே நம்பிக் காலம் தள்ளுவது வீசிங்குக்கு நல்ல வைத்தியம் இல்லை. அது தசையைத் தளர்த்தும், குழாயின் உள்ளே இருக்கிற வீக்கத்தைத் தொடாது. 2019இலிருந்து உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலே அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது, கூடவே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும். அப்பத்தாவுக்கு அது இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கண்டனூர்ப் பெண் | வியாழன், இரவு 9.15

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஞாயிறு இரவே வீசிங் பார்க்கிற மருத்துவரிடம் போனோம். பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. நெபுலைசர் வைத்து ஒரு மணி நேரம் உட்காரவைத்தார், அங்கிருந்தே கண் மருத்துவரிடம் போனில் பேசினார். டிமோலாலை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், மறுநாள் புதுச் சொட்டு கொடுத்தார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரும் எழுதியிருக்கிறார், எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டுமாம்.

திங்கள் இரவு மூன்று தடவை எடுத்தார். செவ்வாய் இரண்டு. நேற்று இரவு நீல இன்ஹேலர் பெட்டகத்தின் மேல் வைத்த இடத்திலேயே இருந்தது. அப்பத்தா வளவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினார், நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

அண்ணே, ஆச்சி, ஐயா, அக்கா, எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

புதுச் சொட்டின் பெயர் லாட்டனோபிராஸ்ட், இரவு மட்டும் ஒரு சொட்டு. தாளைப் பிரித்துப் படித்தேன். புரோஸ்டாகிளாண்டின் எஃப் ஏற்பிக்கு அகோனிஸ்ட் என்று போட்டிருக்கிறது. இந்தத் தடவை பயப்படவில்லை, "எதற்கு, எந்த இடத்தில்?" என்று தேடினேன். கண்ணுக்குள் சிலியரித் தசை இழைகளுக்கு நடுவே நீர் வடிகிற வழியை அகலப்படுத்துகிறதாம். டிமோலால் சுரப்பதைக் குறைத்தது, இது வடிவதைக் கூட்டுகிறது. நான் புரிந்துகொண்டது சரியா?

தேவகோட்டை மருந்துக்கடை | வியாழன், இரவு 9.40

சரிதான் தங்கச்சி. திறக்காத பாட்டில் இருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள். சில மாதத்தில் அப்பத்தாவுக்குக் கண் இமை முடி நீளமாகவும் கருப்பாகவும் வளர்ந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் இந்த அகோனிஸ்ட் செய்கிற வேலைதான்.

இரண்டு மருத்துவரிடமும் காட்டுகிற மாதிரி ஒரு தாளில் எல்லா மருந்தையும் எழுதி, மேலே "வீசிங் உண்டு" என்று பெரிய எழுத்தில் போட்டு, அந்தப் பெட்டகத்திலேயே ஒட்டிவையுங்கள்.

கண்டனூர்ப் பெண் | வியாழன், இரவு 9.55

எழுதிவிட்டேன் அண்ணே. கண் சொட்டை முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.